எல்லாருக்கும் தெரிந்த ஆறு விஷயங்கள்



இந்த மாதம் நாம் சொல்லப்போகும் எதுவும் புதிதல்ல. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாலிபர் கூடுகைப் படங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே!

ஒன்று: லென்ஸைத் துடையுங்கள். வடை சாப்பிட்ட விரலோடு கைத்தொலைபேசியைத் தூக்கினால், எல்லாரும் மறுரூப மலையில் மேகத்துக்குள் நிற்பதுபோலத்தான் வருவார்கள்.

இரண்டு: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் ஜன்னல் நன்றாக விழும், ஆள் கறுப்பாகிவிடுவார். சிசிலியின் நண்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். நிழலுக்குள் கூட்டிப் போங்கள்.

மூன்று: கிட்டப் போங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். கால் இரண்டும் எதற்கு? ஆனால் ஜெப வேளையிலும் திருவிருந்து நேரத்திலும் அந்தக் கால்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நான்கு: "சிரியுங்கோ, சிரியுங்கோ" என்று பத்துத் தரம் சொல்லாதீர்கள். பகேரியாவில் வில்லா பலகோனியா என்ற பழைய மாளிகை இருக்கிறது. 1715இல் கட்டத் தொடங்கியது. அதன் மதில்மேல் கோணல் முகங்களோடு கற்சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பத்தாவது "சிரியுங்கோ"வுக்குப் பிறகு நம் மாமாமாரின் முகமும் அப்படித்தான் ஆகிறது. அவர்களைப் பேசவிட்டு எடுங்கள்.

ஐந்து: பக்கத்தில் இருப்பவர்களை எடுங்கள். "இந்த ஊரில் படம் எடுக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு, அதே பகேரியாவில் 1943இல் பிறந்த ஃபெர்தினாந்தோ ஷன்னாவைக் காட்டலாம். பலெர்மோவில் படித்துக்கொண்டிருந்த வாலிப நாட்களிலேயே அவர் சொந்த ஊர்ச் சனங்களையும் சிசிலியின் திருவிழாக்களையும் படம் எடுத்தார். 1965இல், எழுத்தாளர் லெயோனார்தோ ஷாஷாவின் எழுத்தோடு, அந்தத் திருவிழாப் படங்கள் புத்தகமாக வந்தன. 1982இல் உலகப் புகழ்பெற்ற மேக்னம் குழுவில் சேர்ந்தார். அதில் சேர்ந்த முதல் இத்தாலியர் அவர்தான். உலகமெல்லாம் சுற்றியவர், 2002இல் மறுபடியும் பகேரியாக்காரரைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். இன்றைக்கு அந்தப் பழைய முகங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். எடுத்த அன்று அவர்கள் வெறும் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆறு: பெயர் எழுதுங்கள். இதுதான் நாம் எல்லாரும் தள்ளிப்போடுவது. யுத்தத்தில் வீட்டோடு ஆல்பத்தையும் இழந்த குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. சிலரிடம் எஞ்சியிருப்பது பெட்டிக்கு அடியில் வந்த ஒன்றிரண்டு படங்கள் மட்டுமே. அதில் இடப்பக்கம் நிற்பவர் யார், அந்தக் கைக்குழந்தை யார் என்பது அம்மம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை.

ஆகவே இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பெயர், ஊர், வருஷம் கேட்டுப் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, அவரையும் ஒரு படம் எடுங்கள். அதைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள்.