குறைந்தபட்சம் என்னும் கண்ணி

மகனோ மகளோ கல்லூரியில் சேர்ந்தாயிற்று; விடுதியில் இடமும் கிடைத்தாயிற்று. இனிக் கவலையில்லை என்று பெற்றோர் ஆறுதல் கொள்ளும் வேளையில், பிள்ளையின் பையில் மெல்லிய அட்டையொன்று புகுந்துவிடுகிறது. கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையைப் பற்றியே இம்மாதம் நேயர்களுடன் பேச விழைகிறோம்.

பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த நம்மவர்க்குக் கடன் புதியதன்று. மளிகைக் கடைப் பற்று, சீட்டு, நண்பரிடம் கைமாற்று ஆகியவற்றைக் கொண்டே எத்தனையோ குடும்பங்கள் மாதக் கடைசியைக் கடந்து வந்தன. அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போதே நெஞ்சு சுருக்கென்றது. அட்டைக்கோ முகமில்லை. ரூபே கடன் அட்டையை யூ.பி.ஐ.யுடன் இணைக்க 2022ஆம் ஆண்டில் வழி பிறந்தது. அது முதல், தேநீருக்குக் கொடுப்பது கைப்பணமா கடன் பணமா என்பதுகூட இளைஞர் மனத்தில் பதியாமற் போகிறது.

சொந்த வருவாய் இல்லாத மாணவர்க்கு அட்டை எவ்வாறு வருகிறது? பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, வைப்புத் தொகையை ஈடாக வைத்துப் பெறுவது. மற்றொன்று, பெற்றோரின் அட்டையோடு சேர்ந்த துணை அட்டை. துணை அட்டையில் பிள்ளை செலவழித்தாலும், கடனுக்குப் பொறுப்பாளி மூல அட்டைக்கு உரியவரே. இதனைப் பெற்றோர் மறத்தலாகாது.

மாதந்தோறும் வரும் கணக்கில் இரண்டு தொகைகள் காணப்படும்: மொத்த நிலுவை ஒன்று, குறைந்தபட்சத் தொகை மற்றொன்று. கண்ணி இரண்டாவதில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். நிலுவை 30,000 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 3.5 சதவிகித வட்டி பல அட்டைகளில் வழங்குவதே. ஆண்டுக்கு அது 42 சதவிகிதம். ஒரு மாத வட்டி 1,050 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 189 ரூபாய். ஆக 1,239 ரூபாய். குறைந்தபட்சம் என்று நூற்றுக்கு ஐந்து வீதம் 1,500 ரூபாய் செலுத்தினால், அசலில் கழிவது 261 ரூபாய் மட்டுமே! புதிய செலவு ஏதும் இன்றி மாதம் 3,000 ரூபாய் கட்டினால், கடன் தீர 14 மாதங்கள் ஆகும். வட்டியும் வரியுமாகச் சுமார் 9,500 ரூபாய் போய்விடும். மாதம் 5,000 ரூபாய் கட்டினால் எட்டாம் மாதத்தில் தீரும். இழப்பும் சுமார் 5,200 ரூபாயோடு நிற்கும்.

மற்றொன்றும் உண்டு. மொத்த நிலுவையைக் கட்டாமல் பாக்கி வைத்தால், வட்டியில்லாத் தவணைக் காலம் என்னும் சலுகையும் போய்விடுகிறது. அதன்பின் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்போர்க்கு அச்சலுகை முதலிலிருந்தே இல்லை.

சட்டம் வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 30 சதவிகிதத்துக்கு மேற்பட்ட வட்டி கூடாதென 2008ஆம் ஆண்டில் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது.

ஆகவே, கடனில் சிக்கிய மாணவர் முதலில் செய்யத் தக்கது, அட்டையைப் பயன்படுத்துவதை அறவே நிறுத்துவது. அடுத்து, எல்லா நிலுவைகளையும் ஒரு தாளில் எழுதி, வட்டி மிகுந்ததை முதலில் தீர்ப்பது. மீதியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். ஓர் அட்டையின் கடனை அடைக்க மற்றோர் அட்டையை நாடுவது மட்டும் ஆகாது. தவணை தவறினால் அது கடன் தகவல் ஏடுகளில் பதிவாகும். 300 முதல் 900 வரை அளக்கப்படும் அந்த மதிப்பெண், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது முன்வந்து நிற்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஊரையும் உறவையும் விட்டு வந்து அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாயிற்றே என்ற சினம் எழுதல் இயற்கை. ஆயினும் அச்சினத்துக்கு அஞ்சியே பிள்ளை கடனை மறைக்கிறது. மறைத்த ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. வைப்புத் தொகையாகக் கையிருப்பு இருக்குமாயின், அது ஈட்டும் வட்டி 42 சதவிகிதத்துக்கு அருகிலும் வாராது. அதனை எடுத்து அட்டைக் கடனை அடைத்துவிட்டு, பிள்ளை சிறு தவணைகளில் வீட்டுக்குத் திருப்பித் தருமாறு ஏற்பாடு செய்தல் நன்று. பொறுப்பும் பழகும், பணமும் மிஞ்சும்.

மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் துன்புறுத்தலாகாது என்று 2022ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிலுவை யாவும் தீர்ந்தபின் அட்டையை மூடக் கோரினால், ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூடித் தர வேண்டும்.

வெளியூரில் பயிலும் பிள்ளையிடம் இவ்வாரம் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, கடன் ஏதும் உண்டா என்றும் அன்போடு கேளுங்கள். உண்டு என்ற விடை வந்தால், உடனே தொகை எவ்வளவென்று கேளுங்கள். ஏனென்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.