கையெழுத்துக்குப் பின் என்ன?

வயது வந்தோருக்கு எழுத்தறிவு புகட்டுவதற்கென்று மத்திய சர்க்கார் 2022-ம் வருஷத்தில் வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027 மார்ச்சு முடிய ஐந்து வருஷ காலத்துக்கு உரியது. பதினைந்து வயது கடந்தும் எழுத்து வாசனை அறியாத 5 கோடிப் பேரை எழுதப் படிக்கச் செய்வது அதன் நோக்கம். மதிப்பிட்ட செலவு 1,037.90 கோடி ரூபாய். தொகை பெரிதாகத் தோன்றலாம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 207 ரூபாய் சொச்சம்தான். போதிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலெல்லாம் வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்கள் பொழுது சாய்ந்ததும் கரும்பலகையின் முன் உட்கார்ந்து கைநடுங்க அகரம் எழுதுவதைக் கண்ட எவரும் இம்முயற்சியை இலேசாகப் பேசத் துணியார். அத்தொண்டர்களுக்கு நமது வந்தனம் உரியது.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் எழுப்பாதிருக்க முடியவில்லை. படிப்பதற்கு 50, எழுதுவதற்கு 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண்ணுக்குப் பரீட்சை நடக்கிறது. தேறியவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அதற்கு மறுநாள் அந்த அம்மாள் எதைப் படிப்பாள்?

திட்டத்தை வகுத்தவர்கள் இதை நினையாமல் இல்லை. அடிப்படை எழுத்தறிவு முதலாகத் திட்டத்துக்கு ஐந்து அங்கங்கள் கூறியிருக்கிறார்கள்; அவற்றுள் கடைசி அங்கம் தொடர் கல்வி. கடைசியில் நிற்பது காகிதத்தில் மட்டுமன்று, கவனத்திலும் அதுவே கடைசியில் நிற்கிறது என்பது நமது அபிப்பிராயம். முதல் அங்கத்துக்கு இலக்கு உண்டு, பரீட்சை உண்டு, எத்தனை பேர் தேறினர் என்ற புள்ளிவிவரமும் உண்டு. ஆயுள் முழுவதும் கற்கும் பழக்கத்தை எந்தப் பரீட்சையால் அளப்பது? அளக்க முடியாததற்குப் பணம் ஒதுக்க உத்தியோகஸ்தர்கள் தயங்குவது உலக இயல்பு.

இந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. 1990-ம் வருஷத்தில் எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்த வருஷமே புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் மூண்டெழுந்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் அரிச்சுவடியோடு சைக்கிள் விடவும் கற்று வீதியில் கிளம்பிய காட்சியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பிற்பாடு 2009-ல் சாக்ஷர் பாரத் என்ற திட்டம் வந்தது. 2018-ல் அதுவும் நின்றது. இயக்கங்கள் வருகின்றன, போகின்றன. வரும் ஒவ்வொன்றும் புதுப் பெயரோடு அகரத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலுமுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 73 பேரே எழுத்தறிந்தவர்கள். எஞ்சியோரில் ஒருகாலத்தில் கற்று, கையாள வழியின்றி மறந்தவர்களும் இருப்பார்கள் அல்லவா? நீச்சலைப் போல எழுத்து உடம்பில் ஒட்டிக்கொள்வதில்லை. முப்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, கண்ணில் படாவிட்டால் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது.

ஆகையால் கற்றவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகமும், அவருக்கு ஓய்வுள்ள வேளையில் திறந்திருக்கும் கதவும் வேண்டும். இதைத் தமிழ்நாடு எண்பது, தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது. சீகாழியில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் கணிதம் போதித்துவந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சர்வகலாசாலையின் நூலகராக நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. சில நாட்களிலேயே சலிப்புற்றுப் பழைய வேலைக்கே திரும்ப விரும்பினார். மேல்படிப்புக்கு லண்டன் சென்று, அங்கு பொது நூலகங்களில் தொழிலாளரும் குடும்ப ஸ்திரீகளும் வந்து படிப்பதைக் கண்ட பிறகே அவர் மனம் மாறியது. கணித ஆசிரியர் தம் தொழிலை விட்டுப் புதுத் தொழிலை அரிச்சுவடியிலிருந்து கற்றார். கற்றதோடு நில்லாமல் அதற்கொரு சாஸ்திரமே வகுத்தார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் உபயோகத்துக்கே உரியவை என்பது. எளிய வாக்கியந்தான். ஆனால் நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அவர் அந்த ஒரு விதியிலிருந்தே வருவித்தார். வேலைக்குப் போகிறவன் வீடு திரும்புமுன் பூட்டிவிடும் நூலகம் அவர் கணக்கில் நூலகமே ஆகாது.

அதே 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களுடன் புறப்பட்டது. ஸ்ரீ கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சி அது. நூலகத்துக்கு வர இயலாத கிராமத்தாரிடம் நூலகமே போய்ச் சேர்ந்தது. தார்ச் சாலையும் மோட்டாரும் எங்கும் நிறைந்த இக்காலத்தில் அவ்வண்டிக்கு ஈடாக நம்மிடம் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று கேட்டால் பதில் சொல்பவர் தலை குனிய வேண்டியிருக்கும்.

இந்த உழைப்பின் பலனாக, ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது. அதன் ஜீவநாடி நூலக வரி. வீட்டு வரி கட்டுபவர் ரூபாய்க்கு அரையணா சேர்த்துக் கட்ட வேண்டும், அத்தொகை நூலகத்துக்கே செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்த அரையணா நாளடைவில் பத்துக் காசாக உயர்ந்தது. ஜனங்கள் மறுப்பின்றிக் கட்டிவருகிறார்கள்.

கட்டிய பணம் போய்ச் சேருகிறதா என்பதே வினா. வரியை வசூலிப்பவை மாநகராட்சி, நகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள். அவை நூலக ஆணைக்குழுக்களிடம் அதை ஒப்படைக்கக் கடமைப்பட்டவை. ஆனால் பல ஸ்தாபனங்கள் வசூலித்த நூலக வரியைத் தங்கள் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டு பாக்கி வைப்பது நெடுங்காலப் புகார். சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் பணம் போதவில்லை என்ற சமாதானம் கூறப்படுகிறது. அடகு வைத்த நகையைத் தன் மகள் கலியாணத்துக்குப் போட்டனுப்பிய வட்டிக்கடைக்காரனும் இப்படித்தான் சமாதானம் சொல்லியிருப்பான். நூலகத்துக்கென்று வாங்கிய காசு நூலகத்தின் காசு. அதில் ஸ்தாபனத்துக்குப் பாத்தியதை இல்லை.

சென்னையில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவன. அவற்றைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பரீட்சைகளுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு அவை கற்பக விருட்சங்கள். ஆனால் நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற அம்மாள் மதுரைக்குப் பஸ் ஏறி வரப்போவதில்லை. அவளுக்கு உரியது அவளூர் ஊர்ப்புற நூலகமும், பகுதி நேர நூலகமும். அங்கே பெரிய எழுத்தில் அச்சிட்ட கதை, வைத்தியம், விவசாயம், சட்டம் பற்றிய சிறு புத்தகங்கள் வேண்டும். இரவு ஒன்பது மணி வரை விளக்கெரிய வேண்டும். பூச்சி மருந்துச் சீசாவின் மேல் ஒட்டிய எச்சரிக்கையையும், பாங்கிப் புத்தகத்தில் கழித்த தொகையையும், தான் கையெழுத்திடும் பத்திரத்தின் வாசகத்தையும் பிறர் தயவின்றி அவள் படித்தறியும் நாளில்தான், கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட்டதற்குப் பொருள் உண்டாகும். வாசகம் தெரியாமல் போடும் கையெழுத்து கைநாட்டைவிட அபாயகரமானது. கைநாட்டு வைத்தவருக்காவது படிக்கத் தெரியாது என்று கோர்ட்டில் வாதிக்கலாம்.

கைப்பேசி இருக்க வாசகசாலை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கைப்பேசியில் கற்பதற்கு அளவற்ற பொருள் இருப்பது வாஸ்தவம். ஆனால் புதிதாக எழுத்தறிந்தவரை அது படிக்க விடுவதில்லை. படமும் பேச்சும் எழுத்தின் தேவையையே ஒழித்துவிடுகின்றன.

அண்டையிலுள்ள கேரளத்தைப் பார்ப்போம். 1945-லேயே 47 வாசகசாலைகளை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை ஸ்ரீ பி. என். பணிக்கர் ஸ்தாபித்தார். எழுத்தறிவு இயக்கம் வந்தபோது வாசகசாலைகள் அங்கே முன்பே இருந்தன. அந்நாட்டில் ஆலப்புழை ஜில்லாவைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாள் 2018-ல் தமது 96-வது வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100-க்கு 98 பெற்றார். அத்துடன் திருப்தியடையாமல் மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்டார். 2023-ல் 101-வது வயதில் காலமானார்.

நம் கிராமங்களிலும் அந்த ஆசை இல்லாமலில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் முதற்காரியமாக, எந்தெந்த ஸ்தாபனம் எவ்வளவு நூலக வரி பாக்கி வைத்திருக்கிறது என்ற ஜாபிதாவை ஜில்லாவாரியாக வெளியிட வேண்டும். பாக்கியை அந்த ஸ்தாபனங்களுக்குத் தரும் மானியத்திலிருந்தே பிடித்துக் கொள்ளலாம். வசூலாகும் தொகையிலிருந்து, எழுத்தறிவு மையம் நடந்த ஒவ்வொரு கிராமத்து நூலகத்துக்கும் ஒரு அலமாரிப் புத்தகமும், மாலை வேளைக்கு ஓர் ஊழியரும் முதலில் கிடைக்கட்டும்.