போராட்டத்துக்குப் போறீங்களா? ஒருத்தர் பதிவு செய்யட்டும்

ஆர்ப்பாட்டம்னா கொடி, பதாகை, தண்ணீர் பாட்டில் எல்லாம் மறக்காமல் எடுத்துக்கிட்டுப் போறோம். நடக்கிறதை முறையாகப் பதிவு செய்ய ஒரு ஆளை நியமிக்கிறோமா? ஆளாளுக்கு செல்போனைத் தூக்குறோம். சாயங்காலம் வாட்ஸ்அப் குழு நிறையப் படம். நாளைக்கு வழக்குன்னு வந்தால் எது உதவும்?

பாலாற்றங்கரை விவசாயிக்குப் பதிவின் மதிப்பு தெரியும். தோல் கழிவால் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தந்த தீர்ப்பில் அந்தக் கணக்கு நிற்கிறது. நாம் போட்ட கோஷம் அதில் இல்லை.

தெருவில் நடப்பதற்கும் இதுதான் நியாயம். 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் ஒரு சீக்கிய முதியவர் மேல் துணைப்படை வீரர் லத்தியை ஓங்கும் படத்தை பி.டி.ஐ. புகைப்படக்காரர் எடுத்தார். அடி படவேயில்லை என்று காட்ட, ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வெட்டிய வீடியோத் துணுக்கைப் போட்டார். ட்விட்டர் நிறுவனமே அதைத் திரிக்கப்பட்டது என்று குறித்தது. 2018 மே மாதம் 13 பேர் பலியான தூத்துக்குடியில், வேன் மேலிருந்து துப்பாக்கியால் குறி பார்த்த சீருடை இல்லாத காவலரை உலகம் பார்த்ததும் கேமராவால்தான்.

நம்ம பக்கத்து மறியல் ஒன்றில் நானும் கேமராவோடு நின்றேன். முதலில் கயிறு கட்டினாங்க. அப்புறம் லத்தியைக் குறுக்கே பிடித்து நெஞ்சோடு சேர்த்துத் தள்ளினாங்க. முன்னால் நடப்பது தெரியாமல் பின்வரிசை முன்னே நெருக்குது. நடுவில் மாட்டினவனுக்கு மூச்சு முட்டும். ஒரு காவலர், “படத்தை அழிங்க சார்” என்று கை நீட்டினார். “எந்தச் சட்டப்படின்னு எழுதிக் கொடுங்க” என்றேன். நகர்ந்துவிட்டார்.

அவங்களே வீடியோ எடுக்கிறாங்களே என்று சிலர் கேட்கிறாங்க. அந்தப் பதிவு அவங்க கையில் இருக்கும். நமக்கு நம்ம பதிவு வேணும்.

எதைப் பதிவது? இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 148-ம் பிரிவுப்படி, கலைந்து போகும்படி உத்தரவிடலாம். கலையாவிட்டாலோ, உத்தரவு இல்லாமலேயே கலைய மாட்டோம் என்ற உறுதியைக் கூட்டம் நடத்தையில் காட்டினாலோ பலத்தைப் பயன்படுத்தலாம். அந்த உத்தரவு வந்ததா, யார் சொன்னார், எத்தனை மணிக்கு, மக்கள் வெளியேற வழி விட்டாங்களா? இவ்வளவும் தொடர்ச்சியாகப் பதிவாகணும். பதிவு செய்பவர் கோஷம் போடாமல், கூட்டத்தின் ஓரத்தில், முடிந்தால் ஒரு திண்ணை உயரத்தில் நிற்கட்டும்.

நம்ம ஆள் ஒருத்தன் கல்லை எடுத்தாலும் அதுவும் பதிவில் இருக்கணும். நமக்குச் சாதகமானதை மட்டும் வெட்டி வைத்தால், டெல்லியில் துணுக்கு போட்டவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரம் போய்விடும். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் கேட்பாங்க. அடிபட்ட பெண்கள், படிக்கிற பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைப் பரப்பவே வேண்டாம்.

வரவு செலவுக்குப் பொருளாளர் வைக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பதிவுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.