கடைசி ஓவரை விடுங்கோ, பதினோராவது ஓவரைக் கதைப்பம்

போன மாதம் எங்கள் பீடங்களுக்கிடையிலான கிரிக்கெட் இறுதிப்போட்டியில் கலைப்பீடம் தோற்றது. கடைசி ஓவரில் எதிரணிக்கு 9 ஓட்டம் வேணும். எங்கள் கப்டன் பந்தை ஓஃப் ஸ்பின்னரிடம் கொடுத்தான். ஒன்று, பூச்சியம், இரண்டு, பிறகு லோங் ஓனுக்கு மேலால் ஒரு சிக்ஸ். நாலு பந்தில் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு கன்டீனில் நடந்ததுதான் உண்மையான மட்ச். "கடைசி ஓவரை ஸ்பின்னரிட்ட ஆர் குடுப்பான்?" "நான் அப்பவே சொன்னனான்." "உவனுக்குக் கப்டன்சி தெரியாது." அப்பவே சொன்னவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு தேநீருக்கும் கூடிக்கொண்டே போனது. பட்ச் வட்சப் குழுமத்தில் அடுத்த வருசம் ஆளை மாத்த வேணும் என்று ஒருவர் போட, முப்பது பேர் கைதட்டும் படம் போட்டார்கள். கப்டன் மூன்று நாள் விரிவுரைக்கு வரவில்லை. நானும் கைதட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிழமைதான் யூடியூப் எனக்கு ஒரு பழைய அமெரிக்க ஃபுட்போல் ஆட்டத்தைக் கொண்டுவந்து காட்டியது. எங்கள் உதைபந்தாட்டம் இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டைவடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது. அதிலும் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டம். அங்கே பல்கலைக்கழக ஃபுட்போல் என்பது எங்களுடைய பீட மட்ச் மாதிரி மரத்தடியில் இருந்து பார்க்கிற விசயம் இல்லை. பல்லாயிரம் பேர் மைதானத்தில், மிச்ச நாடு ரீவிக்கு முன்னால். ஆனால் விளையாடுகிறவர்கள் எங்களுடைய வயதுப் பெடியள்.

1984 ஜனவரி 2, ஒரேஞ்ச் பௌல் ஆட்டம், நெப்ராஸ்கா எதிர் மியாமி. நெப்ராஸ்கா அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டத்தையும் வென்று முதலாம் இடத்தில் இருந்த அணி. மியாமி ஐந்தாம் இடம், ஆனால் ஆட்டம் நடந்தது அவர்களுடைய சொந்த மைதானத்தில். தொடக்கத்திலேயே மியாமி 17-0 என்று போய்விட்டது. நெப்ராஸ்கா துரத்திப் பிடித்து 17-17 ஆக்கியது. மியாமி திரும்பவும் 31-17 ஆக்கியது. கடைசிக் காலாட்டத்தில் நெப்ராஸ்கா ஒரு டச்டவுன் போட்டு 31-24 க்கு வந்தது. 48 செக்கன் மட்டும் மிச்சம் இருக்கும்போது இன்னொன்று: 31-30.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேணும். டச்டவுனுக்கு 6 புள்ளி. அதற்குப் பிறகு அணிக்கு ஒரு தெரிவு இருக்கிறது. பந்தைக் கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் 1 புள்ளி. அது பெரும்பாலும் கிடைத்துவிடும். உதைக்காமல் மூன்று யார் தூரத்தில் இருந்து பந்தை ஓடியோ எறிந்தோ திரும்பவும் எல்லைக்குள் கொண்டுபோனால் 2 புள்ளி; அது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுகிற மாதிரி. அந்தக் காலத்தில் இந்த ஆட்டங்களுக்கு மேலதிக நேரமும் கிடையாது. அது 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. சமநிலை என்றால் சமநிலைதான், வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நெப்ராஸ்காவின் பயிற்றுநர் டொம் ஒஸ்போர்ன் உதைத்திருந்தால் 31-31. தோல்வியே காணாத அணி. இரண்டாம் இடத்தில் இருந்த டெக்சஸ் அன்றைக்குப் பகலே 10-9 என்று ஜோர்ஜியாவிடம் தோற்றுப்போயிருந்தது. அப்போது தேசியச் சாம்பியனைத் தீர்மானித்தது வாக்கெடுப்பு. சமநிலை எடுத்திருந்தால் பட்டம் பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்குத்தான். ஒஸ்போர்ன் உதைக்கவில்லை. வெல்லத்தான் வந்தோம் என்று 2 புள்ளிக்குப் போனார். குவாட்டர்பெக் டேர்னர் கில் வலப்பக்கமாக ஓடி ஜெஃப் ஸ்மித்துக்கு எறிந்தார். மியாமியின் கென் கால்ஹூனுடைய கை பந்தில் பட்டது. ஸ்மித்தால் பிடிக்க முடியவில்லை. 31-30. பட்டம் மியாமிக்கு.

நாற்பது வருசத்துக்கு மேலாகியும் இதைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. ஒரு பக்கம், கையில் இருந்த பட்டத்தை எறிந்த மனுசன் என்கிறது. மற்றப் பக்கம், சமநிலைக்காக ஆடாத மானமுள்ள மனுசன் என்கிறது. மானக் கட்சிக்குத்தான் ஆதரவு கூட.

இதோடு இன்னொரு ஆட்டத்தையும் வைத்துப் பார்க்க வேணும். 1966 நவம்பர் 19, நோட்டர் டேம் எதிர் மிச்சிகன் ஸ்டேட், முதலாம் இடமும் இரண்டாம் இடமும். 10-10. ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கப் பந்து நோட்டர் டேமிடம், ஆனால் தங்களுடைய பாதியில். பயிற்றுநர் அரா பார்செகியன் அபாயமான எறிதல் எதற்கும் போகவில்லை; நேரத்தை ஓடவிட்டுச் சமநிலையோடு வெளியே வந்தார். முதல் குவாட்டர்பெக் ஆரம்பத்திலேயே காயப்பட்டு வெளியே. மாற்றாக வந்தவர் நீரிழிவு உள்ள ஒரு மாணவர், களைத்துப்போயிருந்தார். எங்கட பாதியில் ஒரு எறிதல் பிழைத்தால் எல்லாம் போய்விடும் என்பது நியாயமான யோசனை. அடுத்த ஆட்டத்தில் யூஎஸ்சியை 51-0 என்று வென்று தேசியப் பட்டத்தையும் எடுத்தார்கள். ஆனாலும் அந்தச் சமநிலைக்காகப் பார்செகியன் வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்கினார்.

பட்டம் எடுத்தவருக்கு ஏச்சு, பட்டத்தை விட்டவருக்கு மாலை. ஆகவே நாங்கள் முடிவை வைத்துத்தான் ஆட்களை எடைபோடுகிறோம் என்று சொல்வது பாதிதான் சரி. முடிவையும் பார்க்கிறோம், சினிமாவையும் பார்க்கிறோம். கடைசிக் காட்சி நன்றாக இருந்ததா என்று கேட்கிறோம். 2007 ஜனவரி 1 ஃபியஸ்டா பௌலில் பொய்சி ஸ்டேட் என்ற சின்ன அணி, மேலதிக நேரத்தில் ஒஸ்போர்ன் செய்த அதே வேலையைச் செய்தது. உதைத்துச் சமப்படுத்தாமல் 2 புள்ளிக்குப் போனது. எறிவது போலப் பாசாங்கு காட்டி, முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொடுத்து, 43-42 என்று ஒக்லஹோமாவை வென்றது. ஓடி முடித்த பெடியன் அந்த மைதானத்திலேயே தன் காதலியிடம் கல்யாணம் கேட்டான். (சரி என்றுதான் சொன்னா.) பயிற்றுநர் கிறிஸ் பீட்டர்சனுக்குத் தலைமைப் பயிற்றுநராக அதுதான் முதல் வருசம். அந்தக் கடைசிப் பந்து நழுவியிருந்தால் அதே திட்டத்தைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லியிருப்பார்கள். 1984 ஆட்டத்திலேயே ஒஸ்போர்ன், பந்தை வேணுமென்றே நிலத்தில் வைக்கச் சொல்லி, முன்வரிசைத் தடுப்பாளர் ஒருவரைக் கொண்டு அதை எடுத்து ஓடவைத்து ஒரு டச்டவுன் போட்டார். அது சரிவந்தது, அதனால் மூளைசாலி.

சரி, நான் சொல்ல வந்த விசயம் இனித்தான். எனக்குத் தெரிய எல்லாரும் அந்தக் கடைசி 2 புள்ளியைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள். அதற்கு முந்தின டச்டவுனைப் பாருங்கள் என்கிறேன். கிட்டத்தட்ட ஏழு நிமிடம் மிச்சம் இருந்தபோது வந்தது அது. 31-17 இல் இருந்து 31-23. அப்போது ஒஸ்போர்ன் என்ன செய்தார்? உதைத்து 1 புள்ளி எடுத்து 31-24 ஆக்கினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது வழக்கம்.

இப்போது கணக்குப் போடுவோம் (கலைப்பீடம் கணக்குப் போடுகிறது என்று சிரிக்க வேண்டாம்). வெல்லத்தான் வந்தவர் என்றால் எப்படியும் எங்கேயாவது ஓரிடத்தில் 2 புள்ளிக்குப் போகத்தான் வேணும். அதை முதல் டச்டவுனுக்குப் பிறகே முயன்றிருந்தால்? சரிவந்தால் 31-25. அடுத்த டச்டவுனோடு 31-31, சும்மா உதைத்தால் வெற்றி. சரிவராவிட்டால் 31-23. அடுத்த டச்டவுனோடு 31-29, அப்போது திரும்பவும் 2 புள்ளிக்குப் போய்ச் சமப்படுத்தலாம். முயற்சி பாதிக்குப் பாதி என்று வையுங்கள். இப்படி நூறு தரம் ஆடினால் 50 தரம் வெற்றி, 25 தரம் சமநிலை, 25 தரம் தோல்வி. அவர் உண்மையில் செய்த வழியில் 50 வெற்றி, 50 தோல்வி. வெற்றி வாய்ப்பு அதேதான். தோல்வி வாய்ப்பு பாதியாகிறது. அந்தச் சமநிலையும் பெரும்பாலும் பட்டம் தந்திருக்கும்.

இரண்டாவது டச்டவுன் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வராவிட்டால் எப்படியும் தோல்விதானே, அப்போது 24 என்ன 23 என்ன. முதல் முயற்சி பிழைத்தால் பெடியளின் மனம் உடைந்துபோகும் என்று சொல்லலாம். அது உண்மையான மறுப்பு, அதற்கு என்னிடம் இலக்கத்தில் பதில் இல்லை. ஆனாலும் இன்றைக்கு 14 புள்ளி பின்னால் நிற்கிற அணிகள் சில இந்தக் கணக்கைப் போட்டு, முதல் டச்டவுனுக்கே 2 புள்ளிக்குப் போகின்றன. பார்க்கிறவர்கள் பைத்தியமா என்று கேட்கிறார்கள்.

"நீயும் நாற்பது வருசம் கழித்து அப்பவே சொன்னனான் என்றுதானே சொல்கிறாய்" என்று ஒரு நண்பி மடக்கினாள். எனக்கு வித்தியாசம் இருக்கிறதாகத்தான் படுகிறது. கால்ஹூனுடைய கை பந்தில் பட்டதை வைத்து நான் எதையும் சொல்லவில்லை. ஸ்மித் பந்தைப் பிடித்து நெப்ராஸ்கா வென்றிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த 1 புள்ளி உதை அப்போதும் பிழைதான். கடைசிப் பந்தைப் பார்க்காமலே ஒரு தீர்மானத்தைப் பிழை என்று சொல்ல முடிந்தால் சொல்லலாம். பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

இன்னொன்றும் உறுத்துகிறது. முடிவெடுத்தவர் பயிற்றுநர். ஆனால் திரும்பத் திரும்பக் காட்டுகிற காணொளியில் பந்தைத் தவறவிடுவது ஒரு மாணவன். அந்த இரண்டு டச்டவுனையும் போட்டதே அந்த ஜெஃப் ஸ்மித்தான், அதுவும் அணியின் நட்சத்திரம் மைக் ரோசியர் காயப்பட்டு வெளியே போனதால் மாற்றாக வந்து. அது எத்தனை பேருக்கு ஞாபகம்? ஒஸ்போர்ன் பிறகு 1994, 1995, 1997 என்று மூன்று பருவத்தில் பட்டம் எடுத்தார். முதலாவது அதே மைதானத்தில், அதே மியாமியை 24-17 என்று வென்று. ஸ்மித்துக்கு அப்படித் திரும்பி வந்து அழிக்க இன்னொரு நாள் அங்கே கிடைக்கவில்லை.

இந்தக் கண்ணோடு எங்கட மட்சுக்கு வருகிறேன். கடைசி ஓவரில் கப்டனுக்கு இருந்த தெரிவு இரண்டே இரண்டு. ஸ்பின்னர், இல்லாவிட்டால் 18 ஆவது ஓவரில் 14 ஓட்டம் கொடுத்த மிதவேகக்காரன். நான் என்றாலும் ஸ்பின்னரிடம்தான் கொடுத்திருப்பேன். கேள்வி அதில்லை. எங்கட நல்ல ஃபாஸ்ட் போலருக்கு ஏன் ஓவர் மிச்சம் இருக்கவில்லை? ஸ்கோர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதலாவது, மூன்றாவது, பதினோராவது, பதின்மூன்றாவது. நாலும் முடிந்தது. அவனுக்கு இரண்டு ஓவரைக் கடைசிக்கு வைத்திருப்பதுதான் திட்டம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினோராவது ஓவரில் என்ன நடந்தது என்று எனக்கு நல்லா ஞாபகம். ஒரு இணைப்பாட்டம் இழுத்துக்கொண்டு போனது. விக்கெட் விழவில்லை, எங்களுக்கு அலுப்பு. பவுண்டரிக்கு வெளியே நின்ற நாங்கள் ஐம்பது அறுபது பேர் அந்த ஃபாஸ்ட் போலரின் பெயரைச் சொல்லிக் கத்தினோம். தகரத்தில் தட்டினோம். கப்டன் எங்களைப் பார்த்தான், பந்தை அவனிடம் கொடுத்தான். அந்த ஓவரில் 2 ஓட்டம். விக்கெட் இல்லை, ஆனாலும் கைதட்டல். "இன்னொண்டு, இன்னொண்டு" என்று திரும்பக் கத்தினோம். கடைசி ஓவர் ஸ்பின்னரிடம் போனது அங்கேதான் தீர்மானமானது. அந்த நேரம் யாரும் கப்டன்சி தெரியாதவன் என்று சொல்லவில்லை.

இதைக் கப்டனிடம் போய்ச் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. அவன் ஸ்கோர் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பதினோராவது ஓவரிலயும் நான்தானே பிழை?"

"இல்லையடா, நாங்கள் கத்தினபடியால்தானே..."

"நீங்கள் கத்துவியள் மச்சான். சப்போட்டர்ஸ் எண்டால் கத்தத்தானே வேணும். கேட்டது நான்." பிறகு, "அந்த நெப்ராஸ்காக்காரனை அதோட கலைச்சுப்போட்டாங்களோ?" என்று கேட்டான்.

"இல்லை. அதுக்குப் பிறகு இன்னும் 14 பருவம் அவர்தான் கோச்."

அவன் புத்தகத்தை மூடித் தந்தான். "எங்கட கப்டன் தெரிவு வாற புதன்கிழமை" என்றான்.