புற்றுக்குப் பால், இருளருக்கு என்ன?

ஓரிக்கைக்கு அப்பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணன் என்பவனைக் காஞ்சி ராஜா ஊரை விட்டுத் துரத்தினானாம். அவனுடைய குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினாராம். ஆழ்வார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெருமாளும், தாம் படுத்திருந்த பாம்பைப் பாய் போல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்றாம். பிறகு ராஜா மன்னிப்புக் கேட்கவே, பெருமாள் திரும்பிப்போய்ப் பாம்பை விரித்துப் படுத்துக்கொண்டாராம்.

பாம்பைச் சுருட்டின கடவுளோடு இப்போது நமக்கு வழக்கில்லை. இக்கதையைப் பக்தியோடு கேட்கிற ஜனங்கள், தங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பாம்பு தலைகாட்டினால் என்ன செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி. ஆடி மாதம் வந்தால் புற்றுக்குப் பாலும் முட்டையும். மற்ற மாதத்தில் தடிக்கம்பு! பாம்பு எலியையும் தவளையையும் தின்று பிழைக்கும் பிராணியே ஒழிய, பால் குடிக்கும் பிராணி அல்ல. புற்றில் ஊற்றுகிற பால் எறும்புக்குத்தான் போய்ச் சேருகிறது. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து நின்றால், சாரையும் நாகமும் பிணைகின்றன என்று சொல்லி, அவற்றின் மேல் புதுத் துணியைப் போட்டு எடுத்து, ஐசுவரியம் வருமென்று பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அவை இரண்டும் ஆண் சாரைகள். பெண்ணுக்காகச் சண்டை போடுகின்றன. பட்டு நெய்கிற ஊரில் துணியின் விலை தெரியாதவர்களா நாம்?

நிற்க, ஓரிக்கை இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியில் சேர்ந்த பகுதி. ஒரு பக்கம் பாலாறு, ஒரு பக்கம் வேகவதி. ஆற்றோரமும் வாய்க்காலோரமும் வீடுகள் நெருங்கிவிட்டன. தெருவில் குப்பை கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். இதற்கு நாக தோஷமும் வேண்டாம், ஜாதகமும் வேண்டாம். குழித்தறியில் காலை விட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கும், விடியுமுன் வயலில் இறங்கும் உழவனுக்கும் எந்தப் பாம்பு விஷப்பாம்பு என்று தெரிந்திருக்க வேண்டாமா? நம் நாட்டில் பெரும்பாலான உயிரைக் குடிப்பவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர்! இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. விஷமில்லாத பாம்பு கடித்தவனும் பிழைப்பான். விஷப்பாம்பே கடித்தும் விஷம் ஏறாமல் போனவனும் பிழைப்பான். அவன் மந்திரமில்லாமலே பிழைத்திருப்பான். செத்தவனைக் கேட்டால் அல்லவா மந்திரத்தின் யோக்கியதை தெரியும்?

உயிர் காக்கும் விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது? பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் சத்தை எடுத்துச் செய்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பங்கு நம் பக்கத்திலுள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. 2019 வரையில் அது காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே இருந்தது; இப்போது செங்கற்பட்டு ஜில்லா. அங்கே 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. முன்பு பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்துக் கூலி வாங்கிய இருளர்கள், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் பிழைப்பிழந்தார்கள். அதே அறிவைக்கொண்டு இன்று பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, உயிரோடு காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பும் சாவதில்லை, மனிதனும் பிழைக்கிறான்.

இவர்களில் தோழர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பெருகிப்போய் மற்றப் பிராணிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த மலைப்பாம்புகளைத் தேடிப்பிடிக்க அந்நாட்டு நிபுணர்களுக்கு இவர்கள் கை கொடுத்தார்கள். 2023-இல் இந்தியச் சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. சந்தோஷம். ஆனால் இந்த இருவரும் நாளை ஒரு கல்லூரிக்கு வனவிலங்குப் பாடம் சொல்லித்தர மனுப் போட்டால், 'என்ன பாஸ்?' என்றுதானே குமாஸ்தா கேட்பான்?

வனவிலங்குப் படிப்புக்கு இடமில்லாமல் இல்லை. டேராடூனில் 1982 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. கோயமுத்தூரில் சாலிம் அலி பெயரால் ஒன்று. மயிலாடுதுறைக் கல்லூரியிலும் மேற்படிப்பு உண்டு. அவை வேண்டியவையே. ஆனால் பட்டம் பெற்றவன்தான் உள்ளே நுழைய முடியும். காட்டைப் பற்றிய படிப்பில் காட்டை அறிந்தவன் வழிகாட்டிக் கூலியாகவும், அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டவன் நிபுணனாகவும் வெளிவருவது எந்த வகை நியாயம்? வேதத்தைக் காதால் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற புத்தியின் வாலை இன்னும் நறுக்கவில்லை என்றே நாம் சொல்லுவோம்.

இப்படிச் சொல்வதால், 'பாம்பு பிடிப்பது இருளர் குலத்தொழில், அவர்களே பிடிக்கட்டும்' என்று யாராவது நம்மைச் சேர்த்துக்கொண்டு பேசக்கூடாது. குலத்தொழில் என்ற பேச்சே நமக்கு ஆகாது. இருளர் வீட்டுப் பெண் டாக்டராகட்டும். செட்டியார் வீட்டுப் பையனும் முதலியார் வீட்டுப் பையனும் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். யாரும் கற்கக்கூடிய அறிவு இது. கற்றுக்கொடுக்கிறவர்க்கு உபாத்தியாயர் என்ற மரியாதையும், உபாத்தியாயருக்குள்ள சம்பளமும் வேண்டும். இவ்வளவே நம் கட்சி.

ஆகவே காஞ்சிபுரம் மாநகராட்சியையும் வனத்துறையையும் நாம் கேட்பது இது. வட்டத்துக்கு இரண்டு வாலிபர், இரண்டு பெண்கள் வீதம் பொறுக்கி எடுத்து, இருளர் உபாத்தியாயர்களிடம் மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, லைசென்சும் மாதச் சம்பளமும் கொடுத்துத் தீயணைப்பு நிலையத்தோடு சேர்த்து வையுங்கள். பள்ளிக்கூடத்தில் பத்துப் பாம்புகளின் படத்தையும் ஒட்டி வையுங்கள். கோயில் விட்டத்துத் தங்கப் பல்லியைத் தொடப் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிற ஊரில், சுவரிலுள்ள நிஜப் பல்லிக்கு விஷமில்லை என்றும் யாராவது அவர்களுக்குச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024 நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இனாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிவாயைக் கீறாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், 108-க்குச் சொல்லி உடனே கொண்டுபோக வேண்டும். வழியிலே மந்திரவாதி வீட்டில் வண்டியை நிறுத்தவேண்டாம்.