மெயில் வருது, போக மாட்டேங்குது

வீட்டுக் கணினியில் தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ வைத்து அஞ்சல் பார்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் முறையீடு இது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் அண்மையில் இதையே கேட்டார். இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தார். "மெயில் வருதுல்ல தம்பி, அப்போ நெட் இருக்குன்னுதானே அர்த்தம்? போறது மட்டும் ஏன் நிக்குது?"

நியாயமான கேள்வி. முகவரி ஒன்று, திரையில் பார்க்கும் இடமும் ஒன்று; வேலையும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அனுப்புவதற்கு ஒரு ஏற்பாடு, பெறுவதற்கு முற்றிலும் வேறொரு ஏற்பாடு. தெருமுனைச் சிவப்புப் பெட்டியை யாராவது பூட்டிவிட்டாலும் தபால்காரர் வீட்டுக்கு வருவது நிற்காதல்லவா, அதுபோலத்தான்.

அனுப்பும் ஏற்பாட்டின் பெயர் எஸ்எம்டிபி. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த விதிமுறை. நம் கணினி சர்வரைக் கூப்பிட்டு, ஹெலோ என்று தன் பெயரைச் சொல்லும். சர்வர் 250 என்று ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும்; சரி, மேலே சொல் என்று பொருள். யாரிடமிருந்து என்று சொன்னால் 250. யாருக்கு என்று சொன்னால் 250. அப்புறம் கடிதம் வரிவரியாகப் போகும். எல்லாம் முடிந்ததும் ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் 250 கிடைத்துவிட்டால் கடிதம் இனி சர்வரின் பொறுப்பு. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படையில் இதே பேச்சுதான் நடக்கிறது. இவ்வளவு எளிமையாக யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த முதல் விதிமுறையில் பாஸ்வேர்ட் கேட்கும் வழக்கமே கிடையாது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் புழங்கிய வலை அது. பின்னாளில் குப்பை அஞ்சல்காரர்கள் அதே வாசல் வழியாகப் புகுந்தார்கள். வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகளை வைத்தே லட்சக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். அதனால் வீட்டு இணைப்புகளிலிருந்து 25-ஆம் போர்ட் என்ற அந்த வாசல் வழியாக வெளியே போவதைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிட்டன. அடைத்தது சரி என்பதே என் கருத்து. நமக்கென்று இருப்பவை பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் 587, 465 என்ற வேறு இரண்டு வாசல்கள்.

பெரியவரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், அனுப்பும் சர்வருக்கு நேராக 25 என்றே இருந்தது. பழைய இணைப்பில் அது திறந்திருந்தது, புதியதில் இல்லை. 587 என்று மாற்றி, பாஸ்வேர்ட் கொடுக்கும்படி வைத்ததும் தேங்கிக் கிடந்தவை கிளம்பிவிட்டன. அஞ்சல் வந்துகொண்டிருந்தது 995 வழியாக. அதை யாரும் தொடவில்லை.

அனுப்பியவை பட்டியலில் கடிதம் ஏறிவிட்டால் சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. நம்முடைய சர்வர் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பது இனிமேல்தான். 1971-இல் ரே டாம்லின்சன் பெயருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே @ குறியை வைத்தார். அதற்குப் பின்னால் உள்ள பகுதியை எடுத்து, இந்தப் பெயருக்கு அஞ்சல் வாங்கும் இயந்திரம் எது என்று சர்வர் விசாரிக்கும். கண்டுபிடித்து, அங்கேயும் அதே ஹெலோ. எதிர்ச் சர்வர் பதில் தரவில்லையென்றால் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். வழக்கமாக நான்கைந்து நாள் வரைக்கும்கூட. அப்புறம்தான் கைவிட்டு நமக்குத் தகவல் எழுதும். மெயிலர் டீமன் என்ற பெயரில் வரும் அந்தக் கடிதத்தைப் பலர் படிக்காமலே அழிக்கிறார்கள். தயவுசெய்து படியுங்கள். 550 என்றால் பெரும்பாலும் அந்த முகவரியே இல்லை, ஓர் எழுத்து தவறியிருக்கலாம். அளவு மிஞ்சியது என்று வந்தால் படங்களைக் குறைக்க வேண்டும். அட்டாச்மெண்ட் எழுத்துகளாக உருமாறித்தான் பயணம் செய்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்பி படம் 25 எம்பி எல்லையைத் தாண்டுவது அதனால்தான்.

பெறும் பக்கத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. நமக்கு வந்த கடிதம் சர்வரில் கிடக்கும். நம் கணினி போய்க் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு பாப், ஐமேப் என இரண்டு முறைகள். பாப் டயல்-அப் காலத்துக்கு ஏற்றது: தொலைபேசியில் இணைந்து, எல்லாவற்றையும் இறக்கி, துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். இறக்கியதும் சர்வரில் உள்ளதை அழித்துவிடச் சொல்லலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபிறகு, நிமிடத்தை எண்ணிச் செலவழித்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். 1986-இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கத் தொடங்கிய ஐமேப்பில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். கணினி, போன் எதில் திறந்தாலும் அதே பெட்டி.

பெரியவருடையது பாப். பெட்டி நிறைந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சர்வரில் அழித்துவிடும்படி எப்போதோ வைத்திருக்கிறார். மகன் வெளிநாடு போன புதிதில் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருக்கின்றன. அவருக்கே அது தெரியாது. "சர்வர்ல இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

உங்கள் கணினியில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள். சர்வர் வகை என்ற இடத்தில் பாப் என்றிருந்தால், தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். பாப்பை அப்படியே ஐமேப்பாக மாற்ற அதில் வழியில்லை. அதே முகவரியை ஐமேப் என்று புதிதாகச் சேர்த்து, பழைய கடிதங்களை அந்தப் புதிய கணக்கின் ஃபோல்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்து வைத்தால் அவை சர்வருக்கு ஏறிவிடும். ஏறி முடித்ததைப் போனில் திறந்து பார்த்து உறுதி செய்தபிறகே பழைய கணக்கைத் தொடுங்கள்.