சாய்ந்த எழுத்து யாருக்குச் சொந்தம்?

சிவப்புப் பட்டையில் சாய்ந்து நிற்கும் தடித்த வெள்ளை எழுத்துகள், நுனிக்கோடுகள் அற்றவை. பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் வெளிவந்த ஃபியூச்சுராவின் குடும்பம். பத்திரிகைப் பக்கங்களை வடிவமைத்துப் பழகிய பார்பரா குரூகர், விளம்பரத்தின் அந்த அதட்டல் குரலையே களவாடி 1980களில் நுகர்வு வெறியைக் கேலி செய்தார். 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் ஆடைக்கடை, ஏறக்குறைய அதே தோற்றத்தைச் சட்டையில் பதித்து விற்றது. இதைத் ‘தாக்கம்’ என்பாரும் உளர், நாம் உடன்படவில்லை. எழுத்தின் உடல் மட்டுமே கடைக்குப் போனது, கேலி உடன் செல்லவில்லை. வேடிக்கை என்னவெனில், தன் சின்னத்தைப் பகடி செய்த பெண்கள் ஆடை நிறுவனத்திடம் ஒரு கோடி டாலர் கேட்டு 2013-இல் வழக்குத் தொடுத்ததும் இக்கடையே! எழுத்துரு பொதுச்சொத்துதானே என்று கடைக்காக வாதாடும் நண்பர்கள், அவ்வழக்கில் யார் பக்கம் நிற்பார்களாம்?